வட்டம் ஒட்டிய நான்கு வரிசைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் ஆசை, ஆனால் திங்கட்கிழமை போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. அழுதுவிடக் கூடாது என்று நீ அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டாய், கேட்டால் ஜலதோஷம் என்றாய், பெற்றவளிடமே ஜலதோஷக் கதை. நான் மட்டும் என்ன யோக்கியம், நீ அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லி முடித்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் விழுங்கியதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடைசிவரை படி, பாதியில் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படி. எழுதி முடித்ததும் உன் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிடுவார், வருகிற திங்கட்கிழமை உன் பேராசிரியருக்கு முன்னால் நீ உட்காருவதற்குள் இது உன் கையில் இருந்தாக வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. டாக்டர் தினம் அரைமணி நேரம் நடக்கச் சொன்னாலும் சொன்னார், இவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்துபோய், இப்போது வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் எப்படி பிரேக் போடுகிறார்கள் என்று குறை சொல்லிவிட்டு வருகிறார். ரிட்டயர் ஆகி மூன்று வருஷமாகியும் ஸ்டியரிங்கை விட மனசில்லை. உன் தம்பியை லிஃப்ட் கம்பெனியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். லிஃப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தான் இவனைக் கூப்பிடுகிறார்கள் என்பதால் பதினோரு மாடியானாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறித்தான் போகிறானாம், வேலையில் சேர்ந்ததிலிருந்து ஆறு கிலோ குறைந்துவிட்டான். உனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன், நிறம் உனக்குப் பிடிக்காது, பரவாயில்லை, உள்ளே போட்டுக்கொள். ஈரத்தலையோடு வெளியே போகாதே. இப்படியே நான் இன்னும் நாலு பக்கம் சுற்றி வளைப்பேன், என்னை எனக்குத் தெரியும், அதனால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

நீ இந்த மருந்தைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா. தக்காளி இலையிலும் காயிலும் சாம்பல் மாதிரி படர்ந்து அழுக வைக்கிறதே அந்தப் பூஞ்சை, அதன் உடம்புக்குள்ளேயும் இன்ன வேலையைச் செய் என்று எழுதின சீட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்றாய். அதில் இலையைத் தின்னச் சொல்கிற சீட்டு எது என்று பார்த்து, அதற்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி நீங்கள் ஒன்று செய்து தண்ணீரில் கலந்து தெளித்தால், பூஞ்சை அதை உறிஞ்சிக்கொண்டு தன் சீட்டைத் தானே கிழித்துப் போட்டுவிடும், பிறகு தின்ன வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது என்றாய். ஆர்.என்.ஏ. என்று பெயரும் சொன்னாய். விஷம் இல்லை, தேனீக்கோ மண்புழுவுக்கோ நமக்கோ அந்தச் சீட்டு பொருந்தாது, வெயிலில் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும் என்றாய். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. புரியாத கால்வாசியை, என் மகள் சொல்கிறாள் என்று நம்பிக்கொண்டேன். நீ ஏன் இந்தப் படிப்புக்குப் போனாய் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில், மருந்தடித்த நாளில் உன்னை நம் தக்காளிப் பசுமைக்குடிலுக்குள் விடமாட்டேன், நீ கதவுக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, நான் போகக்கூடாத இடத்துக்கு நீ மட்டும் ஏம்மா போற என்று கேட்பாய். வாயை மூடிக்கொண்டு எழுது என்பேன்.

அதனால் மருந்தைப் பரிசோதிக்க ஒரு குடில் வேண்டும் என்று வந்தபோது, நம்முடையதைக் கொடுக்கிறேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். உன் பேராசிரியர் சொந்த வீட்டிலேயா என்று தயங்கினார் என்றும், எங்க அம்மா ஒண்ணு சொன்னா சொன்னதுதான், நம்பலாம் என்று நீ சொன்ன பிறகுதான் சரி என்றார் என்றும் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். இந்த நாலு நாளாக எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருப்பது அந்த வார்த்தைதான்.

எட்டு வரிசை. ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு வரிசைக்கு வட்டம் ஒட்டின புட்டி, நாலு வரிசைக்கு முக்கோணம் ஒட்டின புட்டி. ஒன்றில் உன் மருந்து, ஒன்றில் வெறும் தண்ணீர், எதில் எது என்று எனக்கும் தெரியக்கூடாது, செவ்வாய்க்கிழமைதோறும் வந்து புள்ளி விழுந்த இலைகளை எண்ணிக்கொண்டு போகிற விவசாய அதிகாரிக்கும் தெரியக்கூடாது. அவரைத்தான் உன் அப்பா ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறார், அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி, குடில் கூரையில் தலை இடிக்காமல் அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை. கதவில் அவர் ஒட்டிவைத்த தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது, இந்த எட்டு வரிசையில் தெளிப்பது, தண்ணீர் விடுவது தவிர வேறொன்றும் செய்யக்கூடாது, அழுகினாலும் ஓர் இலையைக் கூடக் கிள்ளக்கூடாது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அழகாகப் போட்டேன், உன் அப்பாகூட பேங்க் மேனேஜர் கையெழுத்து மாதிரி இருக்கே என்றார்.

தெளிப்பதில் நான் ஒரு சொட்டு கூட வித்தியாசம் பார்க்கவில்லை, அதை நீ நம்ப வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளித்தேன், இரண்டுக்கும் தனித்தனித் தெளிப்பான், ஒவ்வொரு செடிக்கும் அடியிலிருந்து நுனிவரை ஒரே அளவு. தப்பு வேறு இடத்தில் நடந்தது. புட்டிகள் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கிய அன்றைக்கே, உன் மருந்து எது என்று நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் தம்பி எடுத்துவிடக் கூடாது என்று உன் குடை, டிபன் டப்பா, தண்ணீர்ப் புட்டி, சீப்பு, எல்லாவற்றிலும் ஒரு வட்டம் போட்டு வைப்பாயே. ஒருதடவை பெரிய ஆப்பிளாகப் பார்த்து அதிலும் பேனாவால் வட்டம் போட்டு வைத்தாய். புட்டியில் வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. நீ தெரிந்துசெய்தாய் என்று நினைக்கவில்லை, கைப் பழக்கத்தில் உன்னுடையதற்கு வட்டம் ஒட்டிவிட்டாய் என்று நினைத்தேன். புட்டிகளுக்கு அடையாளம் ஒட்டியது நீயே இல்லை, ஆய்வகத்தில் உன் பக்கத்து அறைக்காரர் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒட்டினார் என்று திங்கட்கிழமைதான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் புள்ளி விழ ஆரம்பித்தது. எல்லாம் வட்ட வரிசையில். முக்கோணத்தில் அங்கொன்று இங்கொன்று, வட்டத்தில் கொத்துக் கொத்தாக. என் மகளின் மருந்து வேலை செய்யவில்லை, தண்ணீர் அடித்த செடி நன்றாக இருக்கிறது, மருந்து அடித்த செடி அழுகுகிறது, இதை இந்த ஒட்டடைக்குச்சி வந்து எண்ணி எழுதிக்கொண்டு போய்விடுவாரே என்று நினைத்தேன். அன்று திங்கட்கிழமை சாயங்காலம். ஒரே ஓர் இலைதான் கிள்ளினேன், கை தானாகப் போய்விட்டது, இருபத்தைந்து வருஷமாகப் புள்ளி விழுந்த இலையைக் கண்டால் கிள்ளுகிற கை. அடுத்த இலை கை தானாகக் கிள்ளியது இல்லை, நான்தான் கிள்ளினேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். தண்டோடு ஒட்டக் கிள்ளினால் தெரியாது என்று யோசித்துத்தான் கிள்ளினேன். அன்றிலிருந்து ஒன்பது வாரம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாளியை எடுத்துக்கொண்டு போய் வட்ட வரிசை நாலையும் சுத்தம் செய்தேன், இலையையெல்லாம் பின்பக்கம் குழி வெட்டிப் புதைத்தேன். மறுநாள் அவர் வந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டு எண்ணுவார், நான் பக்கத்தில் நின்று டீ வேணுமா சார் என்று கேட்பேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன், நாலு வருஷம் நீ கண்விழித்துச் செய்ததை என் பத்து விரலால் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

பிறகு நீ போன் செய்தாய். எதில் எது என்று எழுதி மூடிவைத்த உறையைப் பிரித்துவிட்டார்கள், முக்கோணம்தான் மருந்து, வட்டம் வெறும் தண்ணீர், ரெண்டுக்கும் எண்ணிக்கைல வித்தியாசமே இல்லம்மா, தண்ணியும் ஒண்ணுதான் என் மருந்தும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு, வேலையை மூடிடலாம்னு பேராசிரியர் சொல்றார், திங்கட்கிழமை முடிவு எடுக்கறாங்க என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாடி, உன் மருந்தும் தண்ணீரும் ஒன்றில்லை. தண்ணீர் அடித்த செடிகளை வாரம் தவறாமல் ஒருத்தி உட்கார்ந்து சுத்தம் செய்தாள், அதனால் அவை நன்றாகத் தெரிந்தன. உன் மருந்து அடித்த செடிகளை யாரும் தொடவில்லை. இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான், நான் பொங்காத பாலைச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் உன் அப்பாவிடம் சொன்னேன். பாதியில் சிரித்தார், நம்ம ஆராய்ச்சி டாக்டரம்மாவோட பரீட்சைய நீ போய் எழுதிட்டு வந்திருக்கியே, அதுவும் பக்கத்து பெஞ்சுக்காரன் பேப்பர்ல என்றார். பிறகு நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், கிள்ளினது கூடப் போகட்டும், அவ மருந்து தோத்துப்போச்சுன்னு நீயே எப்படி முடிவு பண்ணின என்று. மருந்து அடித்தும் அழுகுகிறது என்று நினைத்தேனே தவிர, அழுகுகிறதே, அப்போது இது என் மகளின் மருந்தாக இருக்காது என்று ஒருதடவைகூட எனக்குத் தோன்றவில்லை பார். உன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன், நம்பிக்கையை வைக்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு, இலை கிள்ளியது அதற்குப் பிறகுதான் வருகிறது.

புதன்கிழமை காலையில் பஸ் ஏறி ஒட்டடைக்குச்சியின் ஆபீசுக்குப் போனேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது மாடியில் ஒரு மூலையில் அவர் மேஜை, சுற்றிலும் காகித உறைகளில் காய்ந்த இலைகள். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன், உட்காருங்கம்மா என்று அவர் மூன்று தடவை சொன்னதும் காதில் விழவில்லை. அவர் திட்டுவார் என்று பார்த்தேன், அவர் முகம்தான் வெளிறிப்போனது. நான் இலைய எண்ணினேனே தவிர, எங்க இலை இல்லைன்னு பாக்கலையேம்மா என்றார். பிறகு இரண்டு தாள் கொடுத்து, எந்த வாரம், எந்த வரிசை, எப்போது என்று ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையெழுத்தை பேங்க் மேனேஜர் பார்த்தால் வாங்கிக்கொள்ள மாட்டார், அவ்வளவு கோணல்.

நேற்று அவர் குடிலுக்கு வந்தார். கடைசியாக எண்ணி ஒன்பது நாளாகிவிட்டது, அந்த ஒன்பது நாளும் நான் எதையும் தொடவில்லை, வெளியே இருந்தபடி தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டதோடு சரி. கதவைத் திறந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். வட்ட வரிசை நாலும் சாம்பலைக் கொட்டினதுபோல் கிடந்தன, காய்கூட அழுகித் தொங்கியது. அதற்கு நடுநடுவே முக்கோண வரிசைகள் பச்சையாக நின்றன. பிறகு அவர் மண்டியிட்டு ஒவ்வொரு தண்டாகத் தடவிப் பார்த்து, இலை கிள்ளின தழும்புகளை எண்ணினார். தண்டோடு ஒட்டக் கிள்ளினால் தெரியாது என்று நினைத்தேன் இல்லையா, எல்லாம் தெரிகிறது, ஒன்றுகூட மறையவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் எண்ணினார். வட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. முக்கோணத்தில் ஆறு, அதுவும் தண்ணீர்க் குழாய் உரசி ஒடிந்தவை. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். நான் ஆசையோடு, அப்ப என் பொண்ணு ஜெயிச்சிட்டாளா சார் என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இல்லம்மா, கை பட்ட கணக்கு கணக்கில்ல, இத ரிசல்ட்டுன்னு எங்கயும் காட்ட முடியாது, ஆனா இத பாத்தபிறகு மூடிடலாம்னு சொல்றது தப்பு, இன்னொரு தடவ செஞ்சு பாக்கணும்னு நான் எழுதறேன் என்றார். அந்தக் கடிதம் இன்று காலையில் உன் பேராசிரியருக்குப் போய்விட்டது, உனக்கும் ஒரு நகல் வந்திருக்கும். அதில் இருப்பது முழுக்க உண்மை என்று நான் சொல்லாமல் நீ நம்ப மாட்டாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் பேராசிரியர் என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை செய்ய ஒப்புக்கொண்டால் நம் குடிலில் வேண்டாம், வேறு யாருடையதையாவது பார்க்கச் சொல். நம்முடையதுதான் வேண்டும் என்று சொன்னால் சாவியை ஒட்டடைக்குச்சியிடம் கொடுத்துவிட்டு, அந்த மூன்று மாதமும் உன் தம்பியோடு மாடிப்படி ஏறுகிறேன், எனக்கும் ஆறு கிலோ குறையட்டும். வேலையை மூடிவிட்டால் அதற்குக் காரணம் நான்தான். அதற்காக நீ என்னிடம் எவ்வளவு நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு, நான் காத்திருப்பேன். ஆனால் ஒன்று, உன் மருந்து உதவாது என்று நினைத்துக்கொண்டு மட்டும் இருக்காதே. நான் விழுந்து விழுந்து காத்ததெல்லாம் வெறும் தண்ணீர். உன்னுடையது பக்கத்து வரிசையில் யார் துணையும் இல்லாமல் நன்றாக நின்றது, அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கண்ணில் வெட்கமும் ஒரு கண்ணில் சந்தோஷமுமாக வருகிறது.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். உன்னைப் பெற்றவள் நான், உன் புத்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அங்கே போய், ஒரு விவசாயி தெரியாமல் செய்துவிட்டார், வேலைக்கு வந்த ஆள் பழக்கதோஷத்தில் கிள்ளிவிட்டார் என்று எதையாவது சொல்லி என் பெயரைக் காப்பாற்றப் பார்ப்பாய். எங்க அம்மா சொன்னா சொன்னதுதான் என்று சொன்ன வாயால் இதைச் சொல்வது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது கண்ணு. இருந்தாலும் சொல். தெரிந்தே செய்தாள், ஒன்பது வாரம் செய்தாள், என் அம்மா செய்தாள் என்று சொல். என் மேல் இருக்கிற பாசத்தில் ஒரு வார்த்தையை நீ ஒதுக்கினாலும், அது நான் குடிலுக்குள் செய்த அதே வேலைதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வேலை நிலைக்க வேண்டும், உன்னை நம்பாதவர்கள் எல்லோரும் என்னைப்போல வெட்கப்பட வேண்டும். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே. தலையை நன்றாகத் துவட்டிக்கொண்டு போ. முடிந்ததும் போன் செய், என்னைத் திட்டுவதாக இருந்தாலும் செய், இந்தத் தடவை நான் பாதியில் வைக்க மாட்டேன்.

ஆயிரம் முத்தங்களோடும் ஒரு மன்னிப்போடும்,
உன் அம்மா